ஜெங்கர் வழக்கு, 1735: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பத்திரிகைச் சுதந்திரத்தின் வரலாற்றைத் தொட்டால் ஜெங்கர் வழக்கு வராமல் இருக்காது. பிரிட்டிஷ் காலனியாக இருந்த நியூயார்க்கில், கவர்னரைத் தாக்கி எழுதிய வாரப் பத்திரிகையை அச்சிட்டதற்காக ஒருவர் மீது நடந்த அவதூறு வழக்கு அது. அதைப் பற்றிச் சொல்லப்படுவதில் பாதி உண்மை, மீதி பின்னால் ஏற்றிய மெருகு. இரண்டையும் பிரித்துப் பார்க்க விரும்புகிறவர்கள் வழக்கமாகக் கேட்கும் கேள்விகள் இவை.

ஜெங்கர் யார்? பத்திரிகை ஆசிரியரா?

அச்சுக்காரர். ஜான் பீட்டர் ஜெங்கர் 1697-ல் ஜெர்மனியின் பலாட்டினேட் பகுதியில் பிறந்தவர். அங்கிருந்து கிளம்பிய அகதிக் கூட்டத்தோடு அவருடைய குடும்பமும் 1710-ல் நியூயார்க்குக்குக் கப்பலேறியது. தந்தை வழியிலேயே இறந்துபோனார். சிறுவன் ஜெங்கர், நகரத்தில் அச்சகம் நடத்திவந்த வில்லியம் பிராட்ஃபோர்டிடம் எட்டு ஆண்டு ஒப்பந்தத்தில் தொழில் பழகச் சேர்ந்தான். 1726-ல் சொந்தமாக அச்சகம் வைத்த பிறகு, டச்சு மொழிச் சமயப் புத்தகங்கள், ஒரு கணிதப் பாடநூல் என்று கிடைத்ததை அச்சடித்துப் பிழைத்தார். ஆங்கிலம் அவருக்கு வந்த இடத்தில் கற்ற மொழி. சட்டமும் அரசியலும் மணக்கும் அந்தப் பத்திரிகைக் கட்டுரைகள் அவர் எழுதியவை அல்ல.

அப்படியானால் கவர்னருக்கும் அவருக்கும் என்ன பகை?

ஒன்றும் இல்லை. சண்டை தொடங்கியது சம்பளத்தில். 1731-ல் கவர்னர் மாண்ட்கோமரி இறந்தார். அடுத்து நியமிக்கப்பட்ட வில்லியம் காஸ்பி கடல் கடந்து வந்து சேர 1732 ஆகஸ்ட் ஆகிவிட்டது. இடைப்பட்ட பதின்மூன்று மாதமும், கவர்னருக்கு ஆலோசனை சொல்லும் கவுன்சிலின் மூத்த உறுப்பினர் ரிப் வான் டாம் பொறுப்பு வகித்து, அதற்கான சம்பளத்தையும் வாங்கினார். வந்து இறங்கிய காஸ்பி அதில் பாதியைக் கேட்டார். வேலை பார்க்காத காலத்துக்குப் பங்கு! வான் டாமும் லேசுப்பட்டவர் அல்ல. அதே காலத்தில் கவர்னர் பதவியால் காஸ்பிக்கு வந்த வரும்படியில் பாதியைத் தந்தால் கணக்கை முடித்துக்கொள்ளலாம் என்றார்.

ஊர்க்காரர்களே உட்கார்ந்து தீர்ப்புச் சொல்லும் ஜூரியின் முன்னால் இந்த வழக்கு நிற்காது என்று காஸ்பிக்குத் தெரியும். அதனால் காலனியின் உச்ச நீதிமன்ற நீதிபதிகளையே ஜூரி இல்லாத வருவாய் நீதிமன்றமாக உட்காரச் சொன்னார். அப்படி ஒரு நீதிமன்றம் செல்லாது என்று தலைமை நீதிபதி லூயிஸ் மாரிஸ் தீர்ப்பெழுதினார். 1733-ல் மாரிஸின் பதவி பறிபோனது. அந்த நாற்காலியில் ஜேம்ஸ் டிலான்சி என்ற, முப்பது வயதுகூட நிரம்பாத கவர்னர் கட்சிக்காரர் உட்கார்ந்தார்.

மாரிஸ் பெரிய நிலக்கிழார். அவமானத்தை விழுங்கிக்கொண்டு வீட்டில் இருக்கிற ஆள் அல்ல. அந்த அக்டோபரில் வெஸ்ட்செஸ்டர் தேர்தலில் நின்றார். சத்தியப் பிரமாணம் எடுப்பது தங்கள் சமயத்துக்கு விரோதம் என்று சொன்ன, குவேக்கர் என்ற கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்த 38 பேரை ஷெரீப் ஓட்டுப்போட விடவில்லை. அப்படியும் மாரிஸ் ஜெயித்தார். ஒரு வாரம் கழித்து, 1733 நவம்பர் 5 அன்று, ‘நியூயார்க் வீக்லி ஜர்னல்’ முதல் இதழ் வெளிவந்தது. பணமும் பின்புலமும் மாரிஸ் கோஷ்டி. எழுதி நடத்தியவர் வழக்கறிஞர் ஜேம்ஸ் அலெக்சாண்டர். அச்சடித்தவர் ஜெங்கர்.

நகரத்தில் ஏற்கெனவே இருந்த ஒரே பத்திரிகை ‘கெஸட்’. நடத்தியவர் ஜெங்கரின் குரு பிராட்ஃபோர்டு, அரசாங்க அச்சுக்காரர். இதே பிராட்ஃபோர்டு 1692-ல் பிலடெல்ஃபியாவில் ஒரு சமயத் துண்டுப் பிரசுரத்தை அச்சிட்டதற்காகக் கூண்டில் நின்றவர். எழுத்து குற்றமுள்ளதா இல்லையா என்பதையும் ஜூரியே சொல்ல வேண்டும் என்று அன்று அவரே வாதாடினார். ஜூரி ஒருமனப்படாததால் தப்பினார். நாற்பது ஆண்டு கழித்து அரசாங்க வேலை கையில் இருந்தபோது அந்த வாதம் அவருக்கு மறந்துபோயிற்று.

அப்படி என்னதான் எழுதினார்கள்?

இரண்டு வகை. ஒன்று, லண்டன் எழுத்தாளர்களின் ‘கேட்டோ கடிதங்கள்’ போன்றவற்றிலிருந்து எடுத்துப் போட்ட கனமான கட்டுரைகள். ஆட்சியாளர்களை விமர்சிக்கும் உரிமை, ஜூரி முறையின் அருமை இப்படி. இன்னொன்று கிண்டல். கவர்னருக்குத் துதிபாடி ‘கெஸட்’டில் எழுதிவந்த பிரான்சிஸ் ஹாரிசன் என்பவரைக் குறிவைத்து, நாய் காணவில்லை என்று ஒரு விளம்பரம் போட்டார்கள். ஐந்தடி ஐந்தங்குல உயரமுள்ள பெரிய ஸ்பானியல் நாய், வாய் நிறைய முகஸ்துதியைக் கவ்விக்கொண்டு கொட்டிலை விட்டு ஓடிவிட்டதாம். குவேக்கர்களைத் தடுத்த ஷெரீப்புக்கு, சங்கிலியை அறுத்துக்கொண்டு நாட்டுப்புறத்துக்கு ஓடிய குரங்கு என்று இன்னொரு விளம்பரம். ஊருக்கே யார் யார் என்று தெரியும். பெயர் மட்டும் இருக்காது.

ஆனால் கடைசியில் குற்றப்பத்திரிகையில் ஏறியது நாயும் குரங்கும் அல்ல, 13-ஆம், 23-ஆம் இதழ்களின் சில வரிகள். இந்த மாகாண மக்கள் தங்கள் உரிமையும் உடைமையும் ஆபத்தில் இருப்பதாக நினைக்கிறார்கள், நடந்தவற்றைத் திருத்தாவிட்டால் தங்களுக்கும் சந்ததிக்கும் அடிமைத்தனமே மிஞ்சும் என்று அஞ்சுகிறார்கள் என்பது ஒன்று. பத்திரங்கள் அழிக்கப்படுகின்றன, நீதிபதிகள் இஷ்டத்துக்கு நீக்கப்படுகிறார்கள், சட்டசபையின் சம்மதமின்றிப் புதிய நீதிமன்றங்கள் முளைக்கின்றன என்பது மற்றொன்று. அதிலும் கவர்னர் பெயர் கிடையாது.

எழுதியவர்கள் வெளியே இருக்க அச்சிட்டவரை ஏன் பிடித்தார்கள்?

எய்தவன் இருக்க அம்பை நொந்த கதைதான். கட்டுரைகள் புனைபெயரில் வந்தன. பத்திரிகையில் இருந்த உண்மைப் பெயர் அச்சுக்காரருடையது மட்டுமே.

அவரையும் சுலபமாகப் பிடித்துவிட முடியவில்லை என்பதைத்தான் பலர் கவனிப்பதில்லை. 1734 ஜனவரியில் டிலான்சி, ஒருவர் மீது குற்றம் சாட்டலாமா என்று முடிவு செய்யும் கிராண்ட் ஜூரியை அழைத்து, அவதூறுக் குற்றம் சாட்டும்படி நீண்ட உரை நிகழ்த்தினார். மறுத்துவிட்டார்கள். அக்டோபரில் மீண்டும் முயன்றார். அச்சில் உலவும் சில பாட்டுகள் அவதூறுதான், ஆனால் எழுதியவர் யாரென்று எங்களுக்குத் தெரியவில்லை என்று கையை விரித்தார்கள். கவுன்சில் நான்கு இதழ்களைத் தண்டனை நிறைவேற்றுபவன் கையால் பகிரங்கமாக எரிக்க உத்தரவிட்டது. நகராட்சியார் ஒத்துழைக்கவில்லை, தங்கள் ஆளையும் அனுப்பவில்லை. கடைசியில் ஷெரீப்பின் கறுப்பின அடிமை ஒருவரைக் கொண்டு எரித்தார்கள். வேடிக்கை பார்க்கக்கூட ஊரார் திரளவில்லை.

நவம்பர் 17-ல் கவுன்சிலின் வாரண்டில் ஜெங்கர் கைதானார். அவருடைய சொந்த ஜாமீன் 400 பவுண்டு, அதற்கு மேல் தலைக்கு 200 பவுண்டுக்கு இரண்டு ஜாமீன்தாரர்கள். தொழில் கருவிகளைத் தவிர்த்துப் பார்த்தால் தன் சொத்து 40 பவுண்டு தேறாது என்று அவர் சத்தியம் செய்திருந்தார். அடுத்து வந்த கிராண்ட் ஜூரியும் குற்றம் சாட்ட முன்வராததால், அட்டர்னி ஜெனரல் ரிச்சர்ட் பிராட்லி 1735 ஜனவரியில் அவர்களைத் தாண்டித் தன் கையெழுத்திலேயே குற்றப்பத்திரிகை தாக்கல் செய்தார்.

அவதூறு என்றால் பொய்தானே? உண்மையை எழுதினால் எப்படிக் குற்றமாகும்?

அன்றைய ஆங்கிலச் சட்டத்தில் ஆகும். ராஜ நிந்தனை என்ற குற்றத்தில் பார்க்க வேண்டியது, எழுத்து ஆட்சியின் மீது மக்களுக்கு இருக்கும் மதிப்பைக் கெடுக்கிறதா என்பதை மட்டும். பொய்யைச் சொன்னால் மறுத்துவிடலாம், உண்மையைச் சொன்னால்தான் ஜனங்கள் கொதிப்பார்கள், ஆகவே உண்மை எவ்வளவோ குற்றமும் அவ்வளவு என்பது 1600-களின் தொடக்கத்தில் ஸ்டார் சேம்பர் நீதிமன்றம் விட்டுப்போன கொள்கை. அந்த நீதிமன்றத்தை 1641-ல் மூடினார்கள், கொள்கையை மூடவில்லை.

இன்னொரு பூட்டும் இருந்தது. இதை இவர் அச்சிட்டாரா, குறிப்பிடப்படுவது இன்னார்தானா என்ற இரண்டை மட்டும் ஜூரி சொல்லலாம். எழுத்து அவதூறா என்பது சட்டக் கேள்வி, அது நீதிபதிக்கு உரியது. நீதிபதியோ கவர்னர் நியமித்தவர். மிச்சத்தை ஊகித்துக்கொள்ளலாம்.

ஜெங்கர் சிறையில் இருந்தபோது பத்திரிகை நின்றுவிட்டதா?

ஒரே ஒரு இதழ் வரவில்லை. அடுத்த வாரமே, நவம்பர் 25 தேதியிட்ட இதழில் வாசகர்களிடம் வருத்தம் தெரிவித்து ஜெங்கர் பெயரில் ஒரு குறிப்பு வந்தது. முதல் சில நாட்கள் யாரையும் பார்க்கவிடாமல் வைத்திருந்தார்களாம், இப்போது கதவில் உள்ள துவாரத்தின் வழியாக மனைவியோடும் வேலையாட்களோடும் பேச அனுமதி கிடைத்திருக்கிறதாம். அந்தத் துவாரத்தின் வழியே ஏறக்குறைய ஒன்பது மாதம் அச்சகம் நடந்தது. கட்டுரைகளை அலெக்சாண்டர் தரப்பு பார்த்துக்கொண்டது. எழுத்துக் கோத்து, அச்சேற்றி, வாராவாரம் வெளியே கொண்டுவந்தது மனைவி அன்னாவின் பொறுப்பு. இந்த வழக்கில் பெயர் சொல்லிப் பாராட்டப்பட வேண்டிய முதல் ஆள் அவர் என்பது என் கட்சி. வக்கீலுக்குத் தங்கப் பெட்டி கிடைத்தது, அன்னாவுக்கு எதுவும் கிடைக்கவில்லை.

விசாரணை நியாயமாக நடந்ததா?

தொடக்கத்திலேயே கோணல். 1735 ஏப்ரலில் ஜெங்கரின் வழக்கறிஞர்களான அலெக்சாண்டரும் வில்லியம் ஸ்மித்தும் நீதிபதிகளின் நியமனமே சட்டப்படி செல்லாது என்று ஆட்சேபம் எழுப்பினார்கள். நன்னடத்தை உள்ளவரை பதவி என்று இருக்க வேண்டிய ஆணையில், கவர்னர் விரும்பும்வரை பதவி என்று இருந்தது. டிலான்சி பதில் சொல்லவில்லை. இருவர் பெயரையும் வழக்கறிஞர் பட்டியலிலிருந்து அடித்துவிட்டார். ஜான் சேம்பர்ஸ் என்ற இளம் வழக்கறிஞரை நீதிமன்றமே ஜெங்கருக்காக நியமித்தது.

பிறகு ஜூரிப் பட்டியல். எழுத்தர் கொண்டுவந்த 48 பெயரில் ஜூரியாக இருக்கத் தகுதியே இல்லாதவர்கள் சிலர். கவர்னரின் ரொட்டிக்காரர், தையல்காரர், செருப்பு தைப்பவர் என்று அவரிடம் கூலி வாங்குகிறவர்கள் வேறு சிலர். ஆளுங்கட்சிக்கு வேண்டியவர் என்று கருதப்பட்ட சேம்பர்ஸ் இங்கே முதுகெலும்பைக் காட்டினார். ஆட்சேபித்து, முறைப்படி புதிய பட்டியலை எடுக்கவைத்தார். பிறகு ஜெங்கருக்காக வாதாடிய ஹாமில்டனின் பேச்சைப் புகழ்கிறவர்கள் இந்தச் சின்ன வெற்றியைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். அந்த ரொட்டிக்காரர்கள் பெஞ்சில் இருந்திருந்தால் எந்தப் பேச்சும் எடுபட்டிருக்காது.

ஹாமில்டன் நீதிமன்றத்தில் என்ன செய்தார்?

1735 ஆகஸ்ட் 4. வால் ஸ்ட்ரீட்டில் இருந்த நகர மன்றக் கட்டடம். சேம்பர்ஸ் தொடக்க வாதத்தை முடித்ததும், ஐம்பது வயதைத் தாண்டிய ஆண்ட்ரூ ஹாமில்டன் எழுந்தார். பிலடெல்ஃபியாவின் முதன்மையான வழக்கறிஞர். அலெக்சாண்டர் ரகசியமாக ஏற்பாடு செய்து வரவழைத்திருந்தார்.

அட்டர்னி ஜெனரல் சாட்சிகளோடு தயாராக இருந்தார். ஜெங்கர்தான் அச்சிட்டார் என்று சொல்ல அவருடைய வேலையாளையும் ஜெங்கரின் சொந்த மகன்கள் இருவரையுமே அழைத்துவந்திருந்தார்கள். ஹாமில்டன் அந்தச் சிரமத்தை வைக்கவில்லை. ஆமாம், என் கட்சிக்காரர்தான் அச்சிட்டு வெளியிட்டார் என்று ஒப்புக்கொண்டார். நீதிமன்றத்தில் சற்று நேரம் யாரும் பேசவில்லை. ஒப்புக்கொண்ட பிறகு மிச்சம் என்ன, ஜூரி குற்றவாளி என்று சொல்ல வேண்டியதுதானே என்றார் பிராட்லி.

அவசரப்படாதீர்கள் என்பதுபோல் ஹாமில்டன் குற்றப்பத்திரிகையைக் கையில் எடுத்தார். பொய்யான, தீய நோக்கமுள்ள, கலகம் தூண்டும் அவதூறு என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். பொய் என்பதை நிரூபியுங்கள், நாங்கள் குற்றத்தை ஏற்கிறோம். முடியாதென்றால் சொல்லுங்கள், அத்தனையும் உண்மை என்று நாங்களே நிரூபிக்கிறோம். அவதூறு உண்மை என்று சாட்சியம் தர அனுமதி இல்லை என்று டிலான்சி குறுக்கிட்டார். சட்டப் புத்தகத்தின்படி டிலான்சி சொன்னதே சரி. ஹாமில்டனுக்கும் அது தெரியும்.

அதனால் நீதிபதியை விட்டுவிட்டு ஜூரியின் பக்கம் திரும்பினார். எங்கள் சாட்சிகளை நிறுத்த விடவில்லை, ஆனால் நீங்கள் இந்த ஊர்க்காரர்கள், நடந்ததெல்லாம் உங்களுக்கே தெரியும், இனி நீங்களே எங்கள் சாட்சிகள் என்றார். ஜூரி மனசாட்சிப்படி தீர்ப்புச் சொன்னால் அதற்காகத் தண்டிக்க முடியாது என்று இங்கிலாந்தில் 1670-ல் புஷெல் வழக்கில் நிலைநாட்டப்பட்டதையும் நினைவூட்டினார்.

எனக்கு மிகவும் பிடித்த இடம் பைபிள் பகுதி. பெயரே இல்லாத வரிகளுக்குள் கவர்னரை நுழைத்துப் பொருள் சொல்வது அரசுத் தரப்பின் உத்தி. ஹாமில்டன் அதே உத்தியை ஏசாயா புத்தகத்தில் பிரயோகித்துக் காட்டினார். ஜனத்தின் தலைவர்கள், அதாவது நியூயார்க்கின் கவர்னரும் கவுன்சிலும், அவர்களை வழிதவறச் செய்கிறார்கள். அவர்கள் ஒருபோதும் திருப்தியடையாத பெருவயிற்று நாய்கள், அதாவது செல்வமும் அதிகாரமும் எவ்வளவு கிடைத்தாலும் போதாதவர்கள். பிராட்லியின் வழியில் வாசித்தால் ஏசாயாவையும் கைது செய்ய வேண்டியதுதான்.

முடிவில், இது ஓர் ஏழை அச்சுக்காரரின் வழக்கோ நியூயார்க்கின் வழக்கோ மட்டுமல்ல, உண்மையைப் பேசியும் எழுதியும் எதேச்சாதிகாரத்தை எதிர்க்கும் சுதந்திரத்தின் வழக்கு என்று முடித்தார். பாடப்புத்தகங்களில் வருவது இந்தப் பகுதிதான்.

ஜூரி எவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டது?

சுமார் பத்து நிமிடம் என்பார்கள். எழுத்து அவதூறா என்பதை என்னிடம் விட்டுவிடலாம் என்று டிலான்சி ஜாடையாகச் சொல்லி அனுப்பினார். தலைவர் தாமஸ் ஹண்ட் திரும்பி வந்து குற்றவாளி அல்ல என்றார். கூட்டம் மும்முறை ஆரவாரித்தது. மறுநாள் ஜெங்கர் வெளியே வந்தார்.

டாலர் நோட்டில் இருக்கும் ஹாமில்டனா இவர்?

இல்லை, உறவும் இல்லை. பத்து டாலர் நோட்டில் இருப்பவர் அலெக்சாண்டர் ஹாமில்டன். குழப்பத்துக்குக் காரணம், அவரும் நியூயார்க்கில் இதே வாதத்தை வைத்து ஓர் அவதூறு வழக்கை நடத்தியதுதான். அது அடுத்த பதிலில் வருகிறது.

இந்தத் தீர்ப்போடு சட்டம் மாறிவிட்டதா?

இல்லை. ஜூரியின் விடுதலைத் தீர்ப்பு முன்னுதாரணம் ஆகாது. டிலான்சி உண்மைச் சாட்சியத்தை மறுத்த உத்தரவு அப்படியே நின்றது. 1770-லும் அதே நியூயார்க்கில் அலெக்சாண்டர் மெக்டூகல் என்பவர் சட்டசபையை அவமதித்து எழுதினார் என்று சிறைக்குப் போனார்.

சட்டம் ஆமை வேகத்தில் வந்தது. இங்கிலாந்தில் ஃபாக்ஸ் கொண்டுவந்த 1792 சட்டம் எழுத்து முழுவதையும் எடைபோடும் உரிமையை ஜூரிக்குத் தந்தது. அமெரிக்காவில் 1798-ல் வந்த ராஜ துரோகச் சட்டம் விசித்திரமானது: உண்மை என்று நிரூபிக்கலாம், ஜூரியே முழுத் தீர்ப்பும் சொல்லலாம் என்று ஆண்ட்ரூ ஹாமில்டன் கேட்ட இரண்டையும் கொடுத்துவிட்டு, அதிபர் ஆடம்ஸை விமர்சித்த பத்திரிகைக்காரர்களைச் சிறைக்கு அனுப்பியது. உண்மையை நிரூபிக்கும் உரிமை மட்டும் போதாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். கருத்தை எப்படி நிரூபிப்பது? அந்த ஸ்பானியல் விளம்பரத்தை எந்தச் சாட்சியை வைத்து உண்மை என்று காட்டுவது?

1804-ல் ஹாரி கிராஸ்வெல் என்ற பத்திரிகையாளர், அதிபர் ஜெஃபர்சனைத் தாக்கி எழுதிய வழக்கின் மேல்முறையீட்டில் அலெக்சாண்டர் ஹாமில்டன் வாதாடினார். நல்ல நோக்கத்தோடு சொன்ன உண்மை குற்றமாகாது என்றார். நீதிபதிகள் இரண்டுக்கு இரண்டு என்று பிரிந்ததால் வாதம் தோற்றது. ஆனால் 1805-ல் நியூயார்க் சட்டசபை அதையே சட்டமாக்கியது. ஜெங்கர் விடுதலையாகி எழுபது ஆண்டு!

எல்லோருக்குமான சுதந்திரமா அவர்கள் கேட்டது?

அப்படிச் சொல்ல மாட்டேன். மாரிஸ் கோஷ்டி இழந்தது பதவி, அவர்களுக்கு வேண்டியதும் பதவி. பொய் எழுதியவனைத் தண்டிக்கலாம் என்பதில் ஹாமில்டனுக்கே ஆட்சேபம் இல்லை. எங்களுக்கும் சந்ததிக்கும் அடிமைத்தனம் வருகிறது என்று அஞ்சிய அந்த 13-ஆம் இதழ் வெளிவந்த நகரத்தில் அடிமைகள் விற்கப்பட்டார்கள். அப்பத்திரிகையின் இதழ்களை எரிக்கவைக்கப்பட்டவரும் ஓர் அடிமை. அவர் பெயரை எழுதிவைக்க யாருக்கும் தோன்றவில்லை. இதற்காக வழக்கின் மதிப்பு குறைந்துவிடாது. சுயநலச் சண்டையில் பிறந்த வாதம் என்றாலும், பின்னால் வந்த வேறு பலருக்குப் பயன்பட்டிருக்கிறது.

இந்தியாவுக்கும் இதற்கும் தொடர்பு உண்டா?

பொதுவான வேர் உண்டு. அதே ஆங்கில அவதூறுச் சட்டம்தான் கல்கத்தாவில் ஜேம்ஸ் அகஸ்டஸ் ஹிக்கியின் மீது பாய்ந்தது. 1780-ல் ‘பெங்கால் கெஸட்’டைத் தொடங்கிய ஹிக்கி, வாரன் ஹேஸ்டிங்ஸும், முன்பு நம் கடலூரில் பணியாற்றிவிட்டுக் கல்கத்தா போன பாதிரியார் கீர்நாண்டரும் தொடுத்த வழக்குகளில் 1781-ல் தண்டிக்கப்பட்டார். ஜெங்கரைப் போல அவரும் சிறையிலிருந்தே பத்திரிகையை நடத்தினார். 1782-ல் அச்செழுத்துகளைப் பறிமுதல் செய்து கதையை முடித்தார்கள்.

தமிழ்நாட்டுத் தொடர்பு இன்னும் நேரடியானது. அரசு அதிகாரிகளின் பணி பற்றிய விமர்சனத்தில், பொய் என்று தெரிந்தோ, உண்மையா என்று அக்கறையே இல்லாமலோ எழுதியதை நிரூபித்தால்தான் நஷ்டஈடு என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1964-ல் சல்லிவன் வழக்கில் சொன்னது. முப்பது ஆண்டு கழித்து, மரண தண்டனைக் கைதி ஆட்டோ சங்கரின் சுயசரிதையை ‘நக்கீரன்’ வெளியிடுவதைத் தடுக்கச் சிறை அதிகாரிகள் முயன்றபோது, ராஜகோபால் வழக்கில் நம் உச்ச நீதிமன்றம் சல்லிவன் தீர்ப்பை எடுத்தாண்டது. அவதூறு வரும் என்று அஞ்சி அதிகாரிகள் முன்கூட்டியே வெளியீட்டைத் தடுக்க முடியாது என்றது.

அது சிவில் பக்கம். கிரிமினல் அவதூறில் இன்றும் உண்மை மட்டும் போதாது, அதை வெளியிட்டது பொதுநலனுக்காக என்றும் காட்ட வேண்டும். பழைய தண்டனைச் சட்டத்தின் 499-ஆம் பிரிவில் இருந்த இந்த நிபந்தனை, பாரதிய நியாய சன்ஹிதாவின் 356-ஆம் பிரிவிலும் தொடர்கிறது. 1735-ல் ஹாமில்டன் கேட்டதைவிட இது ஒரு படி குறைவு என்றே எனக்குத் தோன்றுகிறது.

ஜெங்கர் வழக்கில் வந்தவர்களெல்லாம் பிறகு என்ன ஆனார்கள்?

காஸ்பி 1736 மார்ச்சில் இறந்தார். ஹாமில்டன் காசு வாங்கவில்லை. நகர மன்றம் கௌரவக் குடியுரிமையைத் தங்கப் பெட்டியில் வைத்து அனுப்பியது. டிலான்சி தலைமை நீதிபதியாகவே நீடித்து, பின்னாளில் மாகாணத்தின் பொறுப்புக் கவர்னராகவும் ஆனார். ஜெங்கருக்கு 1737-ல் அரசாங்க அச்சு வேலை கிடைத்தது. ஆம், குருவின் இடமேதான். 1746-ல் அவர் இறந்ததும் அன்னா மறுபடியும் அச்சகப் பொறுப்பை ஏற்று, பிறகு மூத்த தாரத்து மகன் ஜானிடம் ஒப்படைத்தார். பத்திரிகை 1751 வரை வந்தது.

நீதிமன்றத்தில் பேசியது இவ்வளவு விரிவாக எப்படித் தெரியும்?

1736-ல் வெளியான வழக்கு விவரச் சிறுநூலின் மூலம். அட்லாண்டிக்கின் இரு கரையிலும் பலமுறை மறுபதிப்பு கண்டது அது. தொகுத்தவர், வழக்கறிஞர் பட்டியலிலிருந்து நீக்கப்பட்ட அதே அலெக்சாண்டர். அச்சிட்டவர் ஜெங்கர். ஹாமில்டனின் பேச்சு அதில் பக்கம் பக்கமாக ஓடும். அட்டர்னி ஜெனரலின் பதில்களுக்குக் கிடைத்த இடம் கொஞ்சம்தான்.